சிங்கத்துக்கு எண்ணெய்க்காப்பு

பழைய கல்லை எப்படிச் சுத்தம் செய்வது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எந்தத் தூரிகை, எவ்வளவு தண்ணீர், எந்தச் சுண்ணாம்பு என்பதெல்லாம் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் இயந்திரம் துடைத்தேன், மார்செய் துறைமுகத்தில் கோப்பை கழுவினேன், ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரான்சின் வடக்கே வயலில் கிழங்கு பொறுக்கினேன். லண்டனுக்கு வந்தும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கல் வேலைக்கு வந்தது விருப்பத்தால் அல்ல. சாரத்துக்குப் பலகை தூக்க ஆள் தேவைப்பட்டது, எனக்கு உயரத்தில் பயம் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் எழுத நினைப்பது வேறு. இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு காலை வரும். முதல் நாள் மாலை சரியாக இருந்த கல் காலையில் சரியாக இருக்காது. பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் உங்கள் கை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த அப்படியொரு காலையைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் அயர்லாந்துக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பாதி புரியாது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது பிழையாகிவிட்டால் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். சோம்பல் என்று நினைத்தேன். பிழையாகிப்போன கல்லைவிட, பிழையைத் திருத்த அவசரப்பட்ட கைகள் கெடுத்த கல்தான் அதிகம் என்று ஒருமுறை தேநீர் நேரத்தில் சொன்னார். கை பைக்குள் இருந்தால் கண் வேலை செய்யுமாம்.

நாங்கள் அப்போது வேலை செய்த தேவாலயம் லண்டன் கிழக்கே முடியும் இடத்தில், தேம்ஸ் ஆற்றுச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு காலத்தில் அது கிராமம். நாங்கள் போன எண்பதுகளின் கடைசியில் சுற்றிலும் கவுன்சில் வீடுகள், பின்னால் மின்கம்பிக் கோபுரங்கள். நடுவில் இந்தக் கட்டடம் மட்டும் குள்ளமாக உட்கார்ந்திருந்தது. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இந்த நாட்டைப் பிடித்த நோர்மன்கள் காலத்தது. அந்தக் காலத்துக் கட்டடங்களை அடையாளம் காண்பது சுலபம். சுவர் கோட்டைச் சுவர்போலத் தடிப்பாக இருக்கும், ஜன்னல் ஆள் நுழைய முடியாத ஒடுக்கமாக இருக்கும், வளைவு எல்லாம் அரைவட்டமாக இருக்கும். கூரான வளைவு வந்தது பிறகுதான். உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள் போவதற்கு முன் மனிதனை ஒரு நிமிடம் நிறுத்துவதற்காகவே வாசலில் அத்தனை செதுக்கல்களையும் கொட்டியிருந்தார்கள்.

தெற்கு வாசல்தான் எங்கள் வேலை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளைவுகள். வெளி வளைவில் மரம் அறுக்கும் வாளின் பல்போல ஏறி இறங்கும் கோடு. நடு வளைவில் வரிசையாகப் பறவைத் தலைகள், எல்லாம் தங்கள் அலகால் கயிறுபோல் ஓடும் ஓர் உருண்டைக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். உள் வளைவுக்குக் கீழே, கதவுக்கு மேலே, ஓர் அரைவட்டக் கல். அதில் ஒரு மரமும் இருபக்கமும் இலை தின்னும் மிருகங்களும். வளைவுகளைத் தாங்கும் தூண்களின் தலையில், நம்முடைய முகத்தின் உயரத்துக்கு, இரண்டு சிங்கங்கள். செதுக்கியவன் சிங்கத்தைக் கண்டவன் அல்லன். நாய்க்குக் கழுத்துத்துண்டு கட்டியதுபோல இருந்தன. வலப்பக்கத்துச் சிங்கத்தின் வாயிலிருந்து ஒரு கொடி புறப்பட்டு இலையாக விரிந்தது. இடப்பக்கத்துச் சிங்கம் குனிந்து, காலடியில் கிடந்த குட்டியின் முகத்தில் வாயை வைத்திருந்தது.

பாதிரியார் நல்ல மனிதர். தேநீரோடு வந்து நின்று ஒவ்வொன்றாக விளக்குவார், நான் தில்லை அண்ணைக்குத் தமிழில் சொல்வேன். தில்லை அண்ணை என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஊரில் லொறி ஓட்டியவர். கிழக்கு லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரே அறையில் இருந்தோம், நான்தான் அவரை இந்த வேலைக்குக் கூட்டிவந்தேன். ஆங்கிலம் அவருக்கு வராது, ஆனால் அவருடைய கை பதமானது. ஒரு பறவையின் அலகைச் சுத்தம் செய்ய அரைநாள் எடுப்பார், போர்மன் ஒன்றும் சொல்லமாட்டார்.

பறவைகள் தீய சக்திகளாம். வாசலில் காத்திருந்து உள்ளே போகிறவர்களைக் கடிக்குமாம். வாய்க்குள் கல்லைக் கொடுத்துவிட்டால் கடிக்காது என்று கட்டியவர்கள் நினைத்திருக்கலாம் என்றார் பாதிரியார். வாள்பல் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார், அது எனக்குப் பிடித்தது. குட்டியின் முகத்தில் வாய் வைத்த சிங்கத்துக்கு மட்டும் அவரிடம் முழுக் கதை இருந்தது. சிங்கக்குட்டி இறந்துதான் பிறக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். மூன்றாம் நாள் தகப்பன் சிங்கம் வந்து முகத்தில் மூச்சு விட, குட்டிக்கு உயிர் வருமாம். கிறிஸ்து மூன்றாம் நாள் உயிர்த்ததற்கு அது அடையாளமாம்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் தில்லை அண்ணை கேட்டார்: "தகப்பன் எங்கையாம் போனவர், அந்த மூண்டு நாளும்?"

பாதிரியாரிடம் கேட்டேன். கதையில் அது இல்லை என்றார்.

தில்லை அண்ணையின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட அவர் விண்ணப்பித்திருந்தார். அதற்கு வேலையும் இருக்க இடமும் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் வேலை தருகிறவரிடமே போன் எடுத்துக் கேட்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு அங்கே பிரிட்டிஷ் தூதரகத்தில் விசா நேர்முகம் ஒரு புதன்கிழமை. எங்கள் வாசல் வேலையும் அதே வாரத்தில் முடிந்தது. செவ்வாய் மாலை சாரம் கழற்றியாயிற்று. புதன் காலை வேலையைப் பார்த்து ஏற்றுக்கொள்ளக் கட்டடக் கலைஞரான பெண்மணி வருவதாக ஏற்பாடு. செவ்வாய் மாலை இடத்தைக் கூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகத் தில்லை அண்ணை சொன்னார். அறைக்கு வந்து கைகால் கழுவிவிட்டுப் பேசாமல் படுத்தார். நேர்முகத்தை நினைத்துப் பேசாமல் இருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

காலையில் எங்கள் பஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது கொழும்பில் மத்தியானம் தாண்டி நேர்முகம் முடிந்திருக்கும். போர்மன் இன்னும் வரவில்லை. வேனை முதல் நாள் அங்கேயே விட்டிருந்தார், சாவி எங்களிடம் இருந்தது. நான் வாசலுக்குப் போனேன்.

இடப்பக்கத்துச் சிங்கம் கறுத்திருந்தது. வெளிறிய பாற்கட்டி நிறக் கல்லில் அந்தத் தலை மட்டும் மழையில் நனைந்ததுபோல இருந்தது. குட்டியிலிருந்து கறை ஒழுகித் தூணில் இறங்கியிருந்தது. தொட்டேன், ஈரமில்லை. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

எண்ணெய்க்காப்பு என்றால் உங்களில் இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம்முடைய ஊர்க் கோயிலில் திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் நடப்பதற்கு முன்னால், ஊர்ச் சனம் எல்லாம் வரிசையில் நின்று தங்கள் கையாலேயே சுவாமிக்கு எண்ணெய் சாத்துவார்கள். மற்ற நாட்களில் ஐயரைத் தவிர யாரும் தொட முடியாத சிலையை அன்றைக்கு எல்லோரும் தொடலாம். வேண்டிக்கொள்வதற்கு அதைவிடக் கிட்டப் போக முடியாது. கருங்கல் எண்ணெயைக் குடிக்காது, மேலே மினுங்கும், பிறகு அபிஷேகத்தில் போய்விடும். இந்த நாட்டுச் சுண்ணாம்புக் கல் அப்படி இல்லை. தேநீரில் தோய்த்த பாண் துண்டுபோல உறிஞ்சிவிடும்.

திரும்பினேன். தில்லை அண்ணை பின்னால் நின்றார். முகம் சாம்பலாக இருந்தது.

"திருப்பணி முடிஞ்சுதுதானே எண்டு கொஞ்சமா வைச்சனான் தம்பி. இப்பிடிக் குடிக்குமெண்டு ஆர் கண்டது."

"ஊரிலை கொடியிலை நிக்கிற சிங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள் அண்ணை. இஞ்சை வந்து சிங்கத்துக்கே காப்போ?"

"அது வேறை சிங்கம்" என்றார். அதற்குள் வேனை நோக்கி நடந்துவிட்டார்.

நான் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் அமிலக் கலன் இருந்தது. மதிலில் செங்கல் மேல் சிந்திய சீமெந்தைக் கழுவ வைத்திருந்தது. மூடியைத் திறந்துவிட்டார். மற்றக் கையில் கம்பித் தூரிகை.

"என்ன செய்யிறியள்?"

"வேலையைப் பாக்க அவள் வர முதல் எடுத்துப்போடலாம். நீ தண்ணி வாளியைக் கொண்டா."

"விடுங்கோ அண்ணை. அது செங்கல்லுக்கு."

"இண்டைக்கு என்னை நிப்பாட்டினால், விசாக்காரர் போன் எடுத்துக் கேக்கேக்கை முதலாளி என்ன சொல்லுவார்? வேலை இல்லாதவன்ரை மனிசிக்கு ஆர் விசா குடுப்பான்? தள்ளு."

அவருடைய கணக்கில் பிழை இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரத்தில் செய்கிற முட்டாள்தனம் முட்டாள்தனமாகத் தெரியாது. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். வாதாடினால் அவர் கேட்டிருக்கமாட்டார், பலமும் அவருக்குத்தான் அதிகம். சுவரோரம் குப்பைக் குவியலில் அதே கல்லின் உடைந்த துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து அவருடைய காலடியில் வைத்து, "முதல் இதிலை ஒரு சொட்டு விடுங்கோ" என்றேன்.

விட்டார். கல் சீறி நுரைத்தது. நுரை அடங்கியதும் அந்த இடத்தில் விரல்நுனி அளவுக்குப் பள்ளம் இருந்தது. தில்லை அண்ணை அதையே பார்த்தார். பிறகு சிங்கத்தின் குட்டியைப் பார்த்தார். அதன் மூக்கு அந்தப் பள்ளத்தைவிடச் சிறியது. கலனை மூடினார்.

போர்மன் வந்தார். கைகளைப் பைக்குள் போட்டார், பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்ன எண்ணெய் என்று கேட்டார், சமையல் எண்ணெய் என்றேன். யார் என்று கேட்டார். தில்லை அண்ணை தன்னுடைய நெஞ்சில் விரலை வைத்தார். போர்மன் திட்டவில்லை. அமிலத்தை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் பெண் கேட்பாள். அவன் சொல்வதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே."

கட்டடக் கலைஞர் பாதிரியாரோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், காலில் சேறு படிந்த சப்பாத்துகள். ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கல்லின் மேல் மூக்கு முட்டப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் அதை வேலைக்குள் விடவில்லை. பிறகு என்னிடம் கேட்டார், இவர் கல்லைப் பாதுகாக்கவென்று இதைப் பூசினாரா என்று. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டிலேயே கல்லுக்கு எண்ணெய் பூசுகிற வழக்கம் இருந்ததாம். நல்ல எண்ணத்தில் செய்த தவறு என்றால் தன்னால் விளங்கிக்கொள்ள முடியும் என்றார்.

ஓம் என்று ஒரு தலையசைப்புப் போதும். நான் தில்லை அண்ணைக்கு அதைச் சொன்னேன். கூடவே, போர்மன் சொன்னதையும் மீறி, "ஓமெண்டு விடுங்கோ அண்ணை, முடிஞ்சுது" என்றேன்.

அவர் யோசித்தார். பாதிரியார் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஏலாது தம்பி" என்றார். "நேர்த்தி வைச்சதை இல்லையெண்டு சொல்லிப்போட்டு, பேந்து அதின்ரை பலனை எந்த வாயாலை கேக்கிறது? உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொன்னேன். எண்ணெய்க்காப்பு, மனைவியின் நேர்முகம், தகப்பன் சிங்கத்தின் மூச்சு எல்லாவற்றையும். என்னுடைய ஆங்கிலத்தில் அது இன்னும் பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. பாதிரியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்தக் கதையை எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன், அந்தச் சிங்கத்திடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்றார்.

கட்டடக் கலைஞர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்: இந்த ஒரு கல்லுக்கு மட்டும்தானா? பறவைகளுக்கு? மற்றச் சிங்கத்துக்கு?

தில்லை அண்ணைக்கு அந்தக் கேள்வி விநோதமாக இருந்தது. "மற்றச் சிங்கத்திட்டை நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் போர்மன் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். கட்டடக் கலைஞர் சிரிக்கவில்லை, ஆனால் அவருடைய தோள் இறங்கியது. பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புக்காகப் பூசினேன் என்று இவர் சொல்லியிருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் வேறு எந்தக் கல்லில் என்ன பூசினார் என்று வாசல் முழுவதையும் சந்தேகப்பட வேண்டியிருந்திருக்கும், எல்லோரையும் நிறுத்திவிட்டுக் கல் கல்லாகச் சோதித்திருப்பேன் என்றார். இப்போது பழுது ஒரு கல்லோடு நிற்கிறது. என்ன எண்ணெய், எப்போது பட்டது என்பதும் தெரியும். களிமண் பற்றுப் போட்டு மெதுவாக உறிஞ்சி எடுக்கலாம் என்றார்.

சுலபமான பொய் எங்களைக் காப்பாற்றும் என்று நான் நினைத்த இடத்தில், அது எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததாகச் சொல்லமாட்டேன். தில்லை அண்ணைக்கும் தெரியாது. அவருக்கு அவருடைய நேர்த்திக்கடன்தான் பெரிது.

முதலாளி அன்று மாலையே அவரை நிறுத்தச் சொன்னார். போர்மன் போனில் பேசினது எனக்குக் கேட்டது. சிங்கம் பழையபடி ஆகும்வரை இவன் இருக்கட்டும், எண்ணெய் வைத்தவனே எடுக்கட்டும், பொறுமையான கை வேறு என்னிடம் இல்லை என்றார். அப்படித்தான் முடிவாயிற்று. கூலி வெட்டவில்லை. யாராவது போன் எடுத்துக் கேட்டால் வேலையில் இருக்கிறான் என்று சொல்லலாம்.

பற்றுப் போடுவது சலிப்பான வேலை. களிமண்ணைப் பிசைந்து அப்ப வேண்டும், மூட வேண்டும், காயவிட வேண்டும், எடுக்க வேண்டும், திரும்பவும் அப்ப வேண்டும். கல் குடித்த எண்ணெய் களிமண்ணுக்குள் வரும். தில்லை அண்ணை தான் வேண்டிக்கொண்டு வைத்ததைத் தன்னுடைய கையாலேயே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து முடிவு வராத நாட்கள் அவை. இதைப் போர்மனோ கட்டடக் கலைஞரோ யோசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பாதிக் கறை போயிருந்தபோது விசா மறுக்கப்பட்ட செய்தி வந்தது. வேலையில் குறை சொல்லவில்லை. ஓர் அறையில் இருவர் இருக்கும் இடத்துக்கு ஒரு குடும்பத்தை அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல என்னோடு வந்தார். வாளியை எடுத்தார். இன்றைக்கு நான் செய்கிறேன், நீங்கள் இருங்கள் என்றேன்.

"இண்டைக்கு விட்டால் நாளைக்கு எனக்கு மனம் வராது" என்றார்.

காய்ந்த பற்றைச் சிங்கத்தின் முகத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு நான் வேறு வேலை செய்யவில்லை, அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிங்கத்தின் மேல் ஒரு மனிதனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அவருக்குத்தான் வர வேண்டும். ஒருதரம் கரண்டியை அழுத்தியிருந்தால் குட்டியின் காது போயிருக்கும், தற்செயல் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். அவர் மரக்குச்சியால், பிள்ளையின் காதில் அழுக்கெடுப்பதுபோல எடுத்தார். இந்தத் தொழிலில் யாரைக் கல்லோடு தனியாக விடலாம் என்று பிற்காலத்தில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் மனதில் வைத்துப் பதில் சொன்னது அந்தக் காலையைத்தான்.

கடைசியில் குட்டியின் முகத்திலும் சிங்கத்தின் தாடைக்குக் கீழும் கொஞ்சம் கறுப்பு மிஞ்சியது. கட்டடக் கலைஞர் வந்து பார்த்துவிட்டு, இதற்குமேல் எடுத்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும், நிறுத்துங்கள் என்றார்.

"உண்மையாவே போதுமாமோ? இன்னொருக்காக் கேள்."

கேட்டேன். போதுமாம் என்றேன். அவர் கைகளைக் கழுவினார்.

அவரை நிறுத்தும் பேச்சை முதலாளி பிறகு எடுக்கவில்லை. குடும்பம் அடுத்த ஆண்டு வந்தது. போர்மனின் மைத்துனருக்கு லண்டனின் தெற்கே டூட்டிங்கில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு இருந்தது. அதை வாடகைக்குக் கொடுத்தார், இரண்டாவது விண்ணப்பத்தில் விசா கிடைத்தது. வீடு மாறும் நாளில் தில்லை அண்ணையின் மெத்தையைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போது, இடையில் மூச்சு வாங்க நின்ற இடத்தில், இந்த விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீடு தந்தது போர்மனின் மைத்துனர், சிங்கம் இல்லை, அதை ஒத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் மெத்தையின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிங்கம் டூட்டிங்குக்கு வந்து வீடு பாக்கேலுமே தம்பி? ஆளைத்தானே அனுப்பும். நீ தூக்கு."